முஸ்தபாப் பெட்டி

சென்ற சித்திரை விடுமுறையில் யாம் கம்பத்திற்குச் சென்றிருந்தபொழுது, எம் தாய்மாமன் மனைவியாராகிய அத்தையார் எம்மைப் பின்கட்டிற்கு அழைத்துச்சென்று, பழைய மாட்டுத் தொழுவத்தைக் காட்டி, "மருமகனே, இதை ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். தொழுவத்தில் மாடில்லை. சாக்குப் போர்த்திய பெட்டியொன்று ஆளுயரத்திற்கு நின்றது. மாமன் காலமாகி அப்பொழுது ஓராண்டு நிறைந்திருந்தது. திராட்சைப் பந்தலுக்குரிய கம்பிச் சுருள்களையும் உர மூட்டைகளையும் வைப்பதற்கு அத்தையார்க்கு அவ்விடம் வேண்டியிருந்தது. சாக்கை விலக்கினோம். எம் இளமையின் பாதியை விழுங்கிய யந்திரம் அங்கே தூசி படிந்து நின்றது.

வீடியோ கேம் பெட்டி இன்னதென்று இக்காலத்து மாணவருட் பலர் அறியார். ஆதலால் அதனைச் சிறிது விளக்குதல் தகும். பலகையாலான ஒரு கூடு. அதில் நெஞ்சளவிலே சாய்வான மேடை. மேடைமீது இரண்டு கைப்பிடிகளும் வரிசையாய்ப் பொத்தான்களும். அதற்கு மேல் கண்ணாடியின் பின்னே ஒரு பிக்சர் டியூப். கீழே நாணயம் இடும் துவாரம். விளையாட்டு முழுவதும் உள்ளேயுள்ள 'போர்டு' என்னும் மின்சுற்றுப் பலகையில் அடங்கியிருக்கும். கைப்பேசி இல்லாத அந்நாளில், இத்தகைய பெட்டிகள் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு சந்துகளிலே பிழைத்த கடைகள் பல. பேருந்து நிலையத்தை அடுத்திருந்த எம் மாமன் கடை அவற்றுள் ஒன்று. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா வந்தால், அவர் ஒரு பெட்டியை வண்டியிலேற்றிக்கொண்டு போய், ராட்டினங்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் நடுவே நிறுத்திவிடுவார். திருவிழா முடிந்து திரும்புங்கால், அவர் பையில் நாணயமும் பெட்டியின் பொத்தான்களில் சர்க்கரைப் பாகும் நிறைந்திருக்கும்.

அப்பெட்டியில் ஓடிய விளையாட்டின் மெய்ப்பெயர் 'காடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்' என்பது. மார்க் ஷுல்ட்ஸ் என்னும் அமெரிக்கர் எழுதி வரைந்த 'ஸெனோஸோயிக் டேல்ஸ்' என்னும் சித்திரக் கதையைத் தழுவி, ஜப்பான் தேசத்துக் கேப்காம் நிறுவனத்தார் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்னும் நால்வருள் ஒருவரைத் தெரிந்துகொண்டு ஆடவேண்டும். நால்வருள் விரைந்து ஓடுபவன் முஸ்தபா. எம் பிள்ளைகளுக்கு அவனையே பிடித்திருந்தது. ஆகவே நீண்ட ஆங்கிலப் பெயரை யாரும் வாயில் நுழைத்துக்கொள்ளாமல், விளையாட்டிற்கே 'முஸ்தபா' என்று பெயரிட்டுவிட்டனர். கம்பத்தில் மட்டுமன்றித் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இவ்வாறே வழங்கியது. 1996 ஆம் ஆண்டில் 'காதல் தேசம்' திரைப்படம் வந்து அதன் முஸ்தபாப் பாட்டும் தெருவெங்கும் ஒலிக்கவே, அப்பாட்டு இவ்விளையாட்டைப் பற்றியதென்றே சிறுவர் சிலர் உறுதியாய் நம்பினர். நம்பியவருள் எம் தம்பியும் ஒருவன். இப்பொழுது கேட்டால் மறுப்பான்.

நிற்க. பெட்டியை என்ன செய்வது என்பதே கேள்வி.

எம் தம்பி பெங்களூரில் கணினித் தொழில் புரிபவன். அவன் அபிப்பிராயம் தெளிவானது. "அண்ணே, உள்ளே இருக்கிறதை எல்லாம் கழற்றி எறிஞ்சிடுவோம். கூட்டை மட்டும் வச்சுக்குவோம்" என்றான். 1997 ஆம் ஆண்டில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' என்னும் நிரலைக்கொண்டு, பழைய போர்டுகளின் செயலைப் புதிய கணினியில் அவ்வாறே நடித்துக் காட்டலாம். 2012 ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவு கணினி அதற்குப் போதும். டியூபிற்குப் பதிலாகத் தட்டைத் திரை பொருத்தினால் கனமும் குறையும், மின்செலவும் குறையும். ஒன்றன்று, ஆயிரம் விளையாட்டுகள் ஆடலாம். மேலும், குமுளிச் சாலையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அவன் நண்பர் ஒருவர், அவ்வாறு மாற்றிய பெட்டிக்கு இருபதினாயிரம் ரூபாய் தர இசைந்திருந்தார்.

எமக்கோ பெட்டியை இருந்தவாறே செப்பனிடவேண்டும் என்பதே ஆசை. ஆனால் அதற்குரிய காரணத்தைத் தம்பியிடம் ஒழுங்காய்ச் சொல்ல இயலவில்லை. மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே எம் பகுதியார்க்கு ஓர் ஐயம் உண்டாவது இயல்பு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஓடிய மீட்டர் பாதை வண்டியை அகலப்பாதையாக மாற்றும்பொருட்டு 2010 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தினர்; தேனிக்கு மறுபடி வண்டி வந்தது 2022 மே மாதத்தில், போடிக்கு வந்தது 2023 ஜூனில். இதனைச் சொல்லித் தம்பியை மடக்கப் பார்த்தோம். "வண்டி வந்துச்சா இல்லையா?" என்று அவன் கேட்டான். வந்ததுதான்.

தம்பி சொன்ன தொகையை இரண்டு நாள்வரை அத்தையாரிடம் யாம் சொல்லவில்லை. இதனை இங்கு மறைத்தல் நன்றன்று. கூரை ஒழுகும் வீட்டில் தனித்திருக்கும் ஒருவர்க்கு இருபதினாயிரம் எத்துணைப் பெரிதென்பதை யாம் அறிவோம். அறிந்தும் எம் ஆசையின்பொருட்டு வாய் மூடியிருந்தோம்.

அவ்விரண்டு நாளில் பெட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கினோம். பழையபடி செப்பனிடுவதெனின் எந்தப் பழைமைக்குச் செப்பனிடுவது என்ற சங்கடம் முதலில் எழுந்தது. மேடையில் ஒவ்வோர் ஆட்டக்காரர்க்கும் ஆறு பொத்தான்களுக்குத் துளை இருந்தது. முஸ்தபாவுக்கோ இரண்டே போதும், அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று. ஏனைய நான்கும் எதற்கு? அப்பெட்டி முதலில் 1991 ஆம் ஆண்டின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டிற்காக உத்தமபாளையத்து ஆசாரி ஒருவர் பிளைவுட்டால் செய்து கொடுத்தது. அதற்குத்தான் ஆறு பொத்தான்கள். அதன் வரவு குறைந்ததும் மாமன் போர்டை மாற்றி முஸ்தபாவை உள்ளே வைத்தார். ஜப்பானிய விளையாட்டு யந்திர உற்பத்தியாளர் சங்கத்தார் 1985 ஆம் ஆண்டளவில் வகுத்த 'ஜாமா' என்னும் பொதுமுறைப்படி 56 முனைகளுள்ள ஒரே இணைப்பில் எந்தப் போர்டையும் செருகலாமாதலின், பத்து நிமிஷத்தில் ஒரு விளையாட்டு போய் மற்றொன்று வந்துவிடும். முஸ்தபா மூவர் ஒருங்கு ஆடத்தக்கது; எம் பெட்டியிலோ இருவர்க்கே இடம். ஆகவே யாம் மூலமென்று போற்றிய பெட்டியே ஒருமுறை மாற்றப்பட்டதுதான். அதுவும் அரைகுறையாக!

அடுத்தது இதனினும் வேடிக்கை. தேனியிலிருந்து வந்த தொலைக்காட்சி மெக்கானிக் போர்டை வெளியே எடுத்து, விளக்கருகே பிடித்துப் பார்த்து, "இது கம்பெனிச் சரக்கு இல்லை சார், காப்பி" என்றார். கேப்காம் நிறுவனத்தார் தம் போர்டைப் பிறர் பகர்த்துக்கொள்ளாதபடி, அதன் ஒலிப்பகுதிச் சில்லில் ஒரு மறைகுறியை வைத்து, அது அழியாதிருக்க ஒரு சிறு பேட்டரியையும் இணைத்திருந்தனர். பேட்டரி தீர்ந்தால் மறைகுறி அழியும். குறி அழிந்தால் போர்டு முடமாகும். ஆதலால் உலகெங்கும் மெய்யான முஸ்தபாப் போர்டுகள், தக்க காலத்தில் பேட்டரி மாற்றாதவிடத்து, ஒவ்வொன்றாய் ஊமையாகிவிட்டன. திருட்டுப் போர்டிலோ அப்பூட்டை முன்னமே உடைத்துவிட்டபடியால் பேட்டரியே இல்லை. சாவதற்கு அதில் ஒன்றுமில்லை. மெக்கானிக் மின்விசை கொடுத்தவுடன் அது உயிர்த்தெழுந்தது. கல்லூரி மலரில் திருட்டுக்குப் புகழுரை எழுதுதல் முறையன்றென்று அறிவோம், நடந்ததைச் சொல்கிறோம்.

அவ்வேளையில் கேட்ட ஒலிதான் எம்மை அசைத்தது. மெய்யான போர்டில் கானடா தேசத்தாரின் 'கியூசவுண்ட்' முறையில் இசை இருபுறமும் பரந்து தெளிவாய் ஒலிக்கும். தம்பி அதனைத் தன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினான், மிக நன்றாயிருந்தது, ஆயினும் அஃது யாம் அறிந்த முஸ்தபா அன்று. எம் மாமன் கடையில் ஒலித்தது, நகலெடுத்தவன் மலிவான சில்லில் அடைத்த கரகரப்பான ஓசை. அடி விழுந்தால் தகரத்தைத் தட்டினாற்போலக் கேட்கும். கம்பத்துப் பிள்ளைகள் வளர்ந்தது அவ்வோசையில். தம்பியும் அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "இந்தச் சத்தத்தையும் பதிவு பண்ணிச் சேர்த்துக்கலாம்ணே" என்றான். விடமாட்டான்!

இனி, பின்கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெட்டியின் பின்புறத்தில் பூட்டு வைத்த ஒரு பலகைக் கதவு. அதன் உட்புறம் முழுவதும் பென்சிலால் எழுதியிருந்தது. முஸ்தபாவில் அதிக எண் எடுத்தவர் தம் பெயரின் மூன்று எழுத்துகளைத் திரையில் பதிக்கலாம். ஆனால் மின்விசையை அணைத்தவுடன் அவை மறைந்துபோம். இரவு கடை சாத்துமுன் மாமன் அப்பெயர்களைப் பார்த்துக் கதவில் எழுதிவைத்திருக்கிறார். மறுநாள் வரும் பிள்ளை, "நேத்து நான்தானே மாமா முதல்?" என்று கேட்டால் காட்டவேண்டுமல்லவா? அதன் கீழே கடன் கணக்கு. இன்னார் 3, இன்னார் 5, என்று நாற்பது பெயருக்கு மேல் இருக்கும். அவை எல்லாம் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. ஒன்றுமட்டும் அடிக்கப்படவில்லை. அஃது எம் பெயர். எதிரே 46.

அத்தொகையை யாம் மறந்தோமில்லை. பத்தாம் வகுப்பில் படித்த காலம். தனிப் பயிற்சி ஆசிரியர்க்குக் கொடுக்கும்படி தந்தையார் தந்த 46 ரூபாயை, ஒவ்வொன்றாய் இரண்டு வாரத்தில் அப்பெட்டியின் துவாரத்தில் இட்டுத் தீர்த்தோம். ஆசிரியர் கேட்கத் தொடங்கியதும், செய்வதறியாது கடையின் மூலையில் உட்கார்ந்து அழுதோம். மாமன் ஒன்றும் வினவவில்லை. கல்லாவைத் திறந்து, எல்லாம் ஒற்றை நாணயமாக 46 எண்ணி எம் கையில் கொடுத்து, "வாத்தியார்கிட்டக் குடுத்துட்டு வா. பரீட்சை முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வரப்படாது" என்றார். தந்தையாரிடம் சொல்லவில்லை, அத்தையாரிடமும் சொல்லவில்லை. பிற்காலத்தில் யாம் சம்பளம் வாங்கி அவர்க்கு வேட்டியும் சட்டையும் எடுத்துச் சென்றதுண்டு. அத்தொகையைப் பற்றி மட்டும் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று எண்ணியிருந்தோம்.

கதவைக் கண்ட அன்று மாலையே அத்தையாரிடம் இருபதினாயிரத்தைச் சொல்லிவிட்டோம். அவர் பதறவுமில்லை, மகிழவுமில்லை. "மாத்துனா இந்தக் கதவு இருக்குமா?" என்று தம்பியைக் கேட்டார். சூடு வெளியேறக் காற்றாடி வைத்த தகரக் கதவு போடவேண்டியிருக்கும் என்று அவன் உண்மையைச் சொன்னான். அத்தையார் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் யாம் ஒரு பெரும் பிழை செய்தோம். டியூபின் வண்ணம் மங்கியிருந்தது; அதனை இயக்கும் சுற்றில் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோயின; அவற்றை மாற்றினால் போதும் என்று மெக்கானிக் சொல்லி, டியூபைக் கழற்றிவைக்கும்படி எம்மிடம் கூறியிருந்தார். மின்விசை அணைத்த பின்னும் அதனுள் இருபதினாயிரம் வோல்ட்டிற்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்று எச்சரித்து, அதனை வடிக்கும் முறையையும் கற்பித்திருந்தார். அதனைத் தவறாமல் செய்தோம். அதனினும் பெரிய அபாயம் வேறில்லை என்று எண்ணிக் குழலைத் தூக்குங்கால், அதன் மெல்லிய கழுத்துச் சட்டத்தில் தட்டியது. ஒரு நீண்ட சீறல்; அவ்வளவே. காற்றில்லாத குழலுக்குள் காற்றுப் புகுந்துவிட்டது. அத்தகைய 20 அங்குல டியூபை இன்று எவரும் செய்வதில்லை. செப்பனிடவேண்டும் என்று வாதாடியவரே செப்பனிட முடியாதபடி செய்துவிட்டோம். தம்பி எம்மைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். அவன் மெல்ல அளவுநாடாவை எடுத்துத் தட்டைத் திரைக்கு இடம் அளக்கத் தொடங்கினான், யாம் தடுக்கவில்லை.

அப்பொழுது அத்தையார், இடுப்பில் ஒரு தொலைக்காட்சியைச் சுமந்துகொண்டு தொழுவத்திற்குள் வந்தார். 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டரசு வீடுதோறும் விலையின்றி வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. எங்கள் பக்கத்தில் பரணில் அஃதில்லாத வீடு அரிது. "இது ஓடுது. இந்தக் கண்ணாடியை வச்சுப் பாருங்க" என்றார். அத்தை, பணம், என்று யாம் தொடங்கினோம். "திராட்சை அடுத்த அறுப்புல வரும்" என்று சொல்லிக் கீழே இறக்கி வைத்தார்.

மெக்கானிக் அதனைப் பார்த்துத் தலையசைத்தார். போர்டிலிருந்து வரும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சைகைகளையும் தனித்தனியே உள்ளே செலுத்துவதற்குரிய வாயில் வீட்டுத் தொலைக்காட்சியில் இல்லை. ஆயினும் விளையாட்டுப் போர்டும் பழைய தொலைக்காட்சியும் திரையில் கோடு வரையும் வேகம் ஏறக்குறைய ஒன்றே, விநாடிக்குச் சுமார் 15,700. ஆகவே சுற்றின் நடுவிலே சைகையைப் புகுத்திவிடலாம் என்றார். மாமன் காலத்திலும் அவ்வாறு செய்தவர் உண்டாம். ஒன்றரை நாள் உழைத்துச் செய்து முடித்தார். குழல் சிறியதாகையால், சுற்றிலும் நான்கு விரற்கடை இடைவெளி தோன்றியது. அதற்குப் பிளைவுட்டில் ஒரு சட்டம் அறுத்துக் கருமை பூசினோம். கரையான் அரித்த அடிப்பலகையை முழுவதும் நீக்கிப் புதிது போட்டோம். மேடைப் பலகையைத் தொடவில்லை. நான்கு வெற்றுத் துளைகளும் அவ்வாறே உள்ளன. இதனைச் செப்பனிடுதல் என்பதா, மாற்றுதல் என்பதா என்று தம்பி கேட்டான். நாட்டுக்கோழிக் குழம்பு ஆறுகிறது என்று அத்தையார் அழைத்ததால் அக்கேள்வி அவ்வளவில் நின்றது.

நாணயத் துவாரத்தில் ஒரு சிக்கல் எஞ்சியது. அது 1992 ஆம் ஆண்டு முதல் வழங்கிய, 25 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகு ஒரு ரூபாய்க்கென்று செய்தது. 2011 ஆம் ஆண்டில் வந்த ஒரு ரூபாயோ ஏறக்குறைய 22 மில்லிமீட்டரே. அதனை இட்டால் உள்ளே இடறிக் கீழே விழுந்துவிடுகிறது. தம்பி பைசாக் கணக்கில் கெட்டிக்காரன். அவன் பையைத் துழாவி, 2011 ஆம் ஆண்டு வரிசையின் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை இட்டான். அதன் அகலமும் எடையும் பழைய ஒரு ரூபாய்க்குச் சரியாய் இருந்தன. பெட்டி டிங்கென்று ஒலித்து அதனை ஏற்றுக்கொண்டது.

கம்பம் கடைத்தெருவில் நான்கைந்து கடை ஏறி இறங்கி, அவ்வகை நாணயம் 23 சேர்த்தோம். திரும்பி வரும்பொழுது, தெருப் பிள்ளைகள் அறுவர் தொழுவத்து வாயிலில் நின்றிருந்தனர். கைப்பேசியில் இதே விளையாட்டை ஆடியிருப்பதாக ஒருவன் பெருமையாய்ச் சொன்னான். நாணயங்களை ஒவ்வொன்றாய் அத்துவாரத்தில் இட்டோம். 23 ஆட்டங்கள் திரையில் ஏறின. அவற்றை அப்பிள்ளைகள் ஆடித் தீர்க்க இருட்டிவிட்டது. அவர்கள் போன பின், பின்கதவைத் திறந்து நாணயங்களை எடுத்து அத்தையார் கையில் எண்ணிக் கொடுத்து, நடந்ததை முதன்முறையாக அவரிடம் சொன்னோம். சொல்லிவிட்டு, எம் பெயரின்மேல் கோடிடுவதற்குப் பென்சிலை எடுத்தோம்.

"வேணாம் மருமகனே. அது உங்க மாமா கையெழுத்து, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, அத்தையார் கதவைச் சாத்தினார். உர மூட்டைகள் இப்பொழுது திண்ணையில் இருக்கின்றன.